கார் மிஸ் அடிக்குதா? பார்ட்ஸுக்கு முன்னாடி ப்ரூஃப் கேளுங்க



ஒண்ணாம் தேதி சம்பளம் வருது. 5ஆம் தேதி கார் இஎம்ஐ, 7ஆம் தேதி வாடகை, 10ஆம் தேதி எஸ்ஐபி. மிச்சத்தை வைத்து மாசத்தை ஓட்டிக்கொண்டிருக்கும்போது, 12ஆம் தேதி காலையில் சீலநாயக்கன்பட்டி பைபாஸில் கார் குலுங்குது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இழுவை இல்லை. டேஷ்போர்டில் ஆரஞ்சு நிற இன்ஜின் விளக்கு எரியுது. சாயங்காலம் பட்டறையில் கொண்டுபோய் விட்டால், பானெட்டைத் திறப்பதற்கு முன்பே பதில் வருது: "பம்ப் போயிருக்கும் சார், மாத்திடலாம்."

"போயிருக்கு" வேற, "போயிருக்கும்" வேற. முதலாவது பார்த்துச் சொல்வது. இரண்டாவது யூகம். நிறைய பேருடைய எமர்ஜென்சி ஃபண்ட் அந்த "ம்" என்கிற ஒரே எழுத்தில்தான் கரையுது.

நான் சிஏ, மெக்கானிக் இல்லை. ஆனா நல்ல மெக்கானிக் செய்யற வேலையும் நாங்க ஆடிட்டில் செய்யற வேலையும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஆதாரம் இல்லாம எந்த எண்ட்ரியையும் ஒத்துக்க மாட்டோம். மலிவான சோதனையை முதலில் செய்வோம், செலவு வைக்கிற சோதனையைக் கடைசியில் வைப்போம். வீடியோவில் வேகமாகச் சொன்னதை இங்க படிப்படியாகப் பார்க்கலாம். நீங்களே ஸ்பேனர் பிடிக்கணும்னு இதை எழுதலை. பட்டறையில் நிற்கும்போது எந்தக் கேள்வியைக் கேட்கணும், எந்த எண்ணைப் பார்க்கணும்னு தெரிஞ்சிருக்கணும், அவ்வளவுதான்.

மிஸ் அடிக்கறதுன்னா என்ன?

நம்ம கார்களில் பெரும்பாலும் 3 அல்லது 4 சிலிண்டர் இருக்கும். ஒவ்வொரு சிலிண்டரிலும் பெட்ரோலும் காற்றும் கலந்து உள்ளே போகும். பிஸ்டன் அதை அழுத்தும். சரியான நேரத்தில் ஸ்பார்க் பிளக் தீப்பொறி கொடுக்கும். இன்ஜின் 3,000 ஆர்பிஎம்மில் ஓடும்போது ஒரு சிலிண்டரில் மட்டும் இது நொடிக்கு 25 தடவை நடக்குது. அதில் சில தடவை எரியாமல் போனாலோ, அரைகுறையாக எரிந்தாலோ அதுதான் மிஸ்ஃபயர். பட்டறை பாஷையில் "மிஸ்ஸிங்".

எரியறதுக்கு மூணு விஷயம் வேணும்:

1. சரியான அளவில் பெட்ரோலும் காற்றும்
2. சரியான நேரத்தில் தீப்பொறி
3. கம்ப்ரஷன், அதாவது அழுத்தம் வெளியே கசியாமல் இருப்பது

மிஸ்ஸிங்னு வந்தால் இந்த மூணில் ஒண்ணு குறையுது. எது குறையுதுன்னு கண்டுபிடிக்காமல் பில் போட்டால், அது வவுச்சர் இல்லாத செலவு.

ஃப்யூயல் பிரஷர் எங்கே வருது?

பெட்ரோல் டேங்குக்குள்ளேயே ஒரு எலெக்ட்ரிக் பம்ப் இருக்கு. அது பெட்ரோலை ஃபில்டர் வழியாகத் தள்ளி, இன்ஜின் மேல் இருக்கிற ரெயில் என்கிற குழாய்க்கு அனுப்புது. ரெயிலிலிருந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு இன்ஜெக்டர். சாதாரண பெட்ரோல் கார்களில் இந்த ரெயிலில் சுமார் 3 முதல் 4 பார் பிரஷர் இருக்கணும். டயர் காற்று சொல்ற கணக்கில் ஏறத்தாழ 45 முதல் 60 பிஎஸ்ஐ. உங்க காருக்கான சரியான எண் சர்வீஸ் மேனுவலில் இருக்கும்.

இன்ஜெக்டர் சில மில்லி செகண்டுதான் திறந்து மூடும். பிரஷர் சரியாக இருக்குன்னு நம்பித்தான் கம்ப்யூட்டர் அந்த நேரத்தைக் கணக்குப் போடுது. பிரஷர் குறைஞ்சா, அதே நேரத்தில் குறைவான பெட்ரோல்தான் உள்ளே போகும். கலவையில் காற்று அதிகமாகி, எரிய வேண்டியது எரியாமல் போகும். அதனால்தான் ஃப்யூயல் பிரஷர் குறைவும் மிஸ்ஸிங்கும் அடிக்கடி சேர்ந்தே வருது.

ஒரு எச்சரிக்கை. டைரக்ட் இன்ஜெக்ஷன் பெட்ரோல் கார்களிலும் டீசல் கார்களிலும் இதைவிடப் பல மடங்கு பிரஷர் இருக்கும். டீசல் காமன் ரெயிலில் ஆயிரம் பாரைத் தாண்டும். அந்தக் குழாய்களை வீட்டில் யாரும் கழற்றவே கூடாது. சாதாரண பெட்ரோல் காரிலும் எரிபொருள் குழாயைத் திறக்கிற வேலை பட்டறைக்கு உரியது.

விளக்கு எரியுதா, கண் சிமிட்டுதா?

இன்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால், ஒரு கோளாறு பதிவாகியிருக்கு, சீக்கிரம் பாருங்கன்னு அர்த்தம். விளக்கு விட்டு விட்டு மின்னினால், மிஸ்ஸிங் கடுமையாக இருக்கு, ஓட்டுவதை நிறுத்துங்கன்னு அர்த்தம்.

இது பண விஷயமும்கூட. எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் இருக்கிற கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். சூடு எல்லை மீறினால் உள்ளே இருக்கிற தேன்கூடு போன்ற அமைப்பு உருகிப்போகும். கன்வெர்ட்டரில் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் மாதிரி விலை உயர்ந்த உலோகங்கள் இருக்கு. அதனால் காரின் விலை உயர்ந்த பாகங்களில் அதுவும் ஒண்ணு. சில நூறு ரூபாய் பிளக்கைத் தள்ளிப்போட்டு, பல ஆயிரம் ரூபாய் கன்வெர்ட்டரைப் பலி கொடுக்கிற கதை இப்படித்தான் நடக்குது. விளக்கு மின்னினால் ஓரம் கட்டுங்க, ரோட்சைடு அசிஸ்டன்ஸைக் கூப்பிடுங்க. இன்ஷூரன்ஸ் பாலிசியில் அந்த ஆட்-ஆன் இருக்கான்னு இன்றைக்கே பார்த்து வச்சுக்கோங்க.

படி 1: காசு செலவில்லாத விசாரணை

பட்டறைக்குப் போகும் முன் இந்தக் கேள்விகளுக்குப் பதிலை மொபைலில் எழுதி வையுங்க.

எப்போ மிஸ் அடிக்குது? காலையில் முதல் ஸ்டார்ட்டிலா, சூடான பிறகா? சிக்னலில் நிற்கும்போதா, ஏற்றத்திலா? மழை பெய்த மறுநாளா? பெட்ரோல் அடித்த உடனேயா? டேங்க் அடிமட்டத்தில் இருக்கும்போதா?

ஒவ்வொரு பதிலும் ஒரு பக்கம் கை காட்டும். ஈரத்தில் மட்டும் வந்தால் காயில் அல்லது பிளக் பக்கம் சந்தேகம். பெட்ரோல் அடித்த அன்றே ஆரம்பித்தால் பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கலாம். சமதளத்தில் சும்மா இருந்து, ஏற்றத்தில் மட்டும் மூச்சு வாங்கினால் எரிபொருள் போதுமான அளவு வரவில்லையோன்னு பார்க்கணும்.

நம்ம பக்கம் இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். சேலத்திலிருந்து நாமக்கல் வரைக்கும் ரோடு பெரும்பாலும் சமதளம். பம்ப் பலவீனமாக இருந்தாலும் நாலாவது கியரில் மெதுவாகப் போகும்போது தெரியாது. குடும்பத்தோடு ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு ஏறும்போதோ, கொல்லிமலைக்கு 70 வளைவு ஏறும்போதோதான் குட்டு வெளிப்படும். மலைப் பயணத்துக்கு முந்தின வாரம் தொப்பூர் பக்கம் ஒரு ஏற்றத்தில் காரைச் சோதிச்சுப் பாருங்க. நடு வளைவில் நிற்கறதைவிட அது மேல்.

இன்னொரு இலவச சோதனை. காலையில் ஸ்டார்ட் ஆக ரொம்ப நேரம் எடுக்குதா? சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி இரண்டு நொடி நிறுத்துங்க. பின் சீட் பக்கம் பம்ப் லேசாக முனகற சத்தம் கேட்கும். ஆஃப் பண்ணி மறுபடி ஆன். இப்படி மூணு தடவை செய்த பிறகு ஸ்டார்ட் பண்ணினால் உடனே பிடிக்குதுன்னா, ராத்திரி முழுக்க ரெயிலில் நிற்க வேண்டிய பிரஷர் இறங்கிடுதுன்னு அர்த்தம். பம்பின் வால்வோ, இன்ஜெக்டரோ கசியலாம். சத்தமே வரலைன்னா முதலில் ஃபியூஸ், ரிலே. இரண்டும் பம்பைவிட எவ்வளவோ மலிவு.

படி 2: ஸ்கேன் பண்ணுங்க, ஆனா கோடை மட்டும் பார்த்து நிறுத்தாதீங்க

ஸ்டீயரிங் கீழே ஓபிடி சாக்கெட் இருக்கும். ப்ளூடூத் அடாப்டர் ஆன்லைனில் ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்குது. மொபைல் ஆப்போடு இணைத்தால் கோடு தெரியும்.

பி0300 வந்தால் மிஸ்ஸிங் பல சிலிண்டர்களில் மாறி மாறி வருது. பி0301, பி0302, பி0303, பி0304 வந்தால் கடைசி எண்தான் சிலிண்டர் எண். பி0171 வந்தால் கலவையில் பெட்ரோல் குறைவு. பி0087 வந்தால் ரெயில் பிரஷர் குறைவு. ஆனா சாதாரண பெட்ரோல் கார்கள் பலவற்றில் ரெயில் பிரஷரை அளக்கிற சென்சாரே கிடையாது. அங்கே பிரஷர் குறைஞ்சாலும் பி0087 வராது, பி0171 வழியாகத்தான் விஷயம் வெளியே வரும்.

கோடு என்பது புகார். தீர்ப்பு இல்லை. பி0302ன்னா "இரண்டாவது காயில் போச்சு"ன்னு அர்த்தம் இல்லை, "இரண்டாவது சிலிண்டரில் எரியலை"ன்னுதான் அர்த்தம்.

கோடோடு சேர்த்து ஃப்யூயல் டிரிம் என்கிற எண்ணையும் பாருங்க. கம்ப்யூட்டர் தன் கணக்குக்கு மேல் எவ்வளவு சதவீதம் பெட்ரோலைக் கூட்டுது, குறைக்குதுன்னு அது சொல்லும். பொதுவாக பிளஸ் மைனஸ் 10க்குள் இருந்தால் கவலை இல்லை. பிளஸ் 15, 20ன்னு போனால், பெட்ரோல் பத்தாமல் கம்ப்யூட்டர் கூட்டிக் கூட்டி ஊற்றுது.

ஐட்லிங்கில் டிரிம் அதிகமாக இருந்து, வேகம் ஏற ஏற சரியானால், எங்கேயோ காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகுது. கிழிந்த வேக்யூம் ஹோஸ், தளர்ந்த கிளிப் மாதிரி. ஐட்லிங்கில் நன்றாக இருந்து, ஏற்றத்தில் அழுத்தும்போது டிரிம் எகிறினால், எரிபொருள் பக்கம் பாருங்க. இந்த ஒரே கவனிப்பு, தேவையில்லாத பம்ப் செலவை நிறைய சமயம் தடுத்துடும்.

கோடை அழிக்கும் முன் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்க. கோளாறு வந்த நேரத்தில் வேகம், ஆர்பிஎம், இன்ஜின் சூடு எவ்வளவுன்னு ஃப்ரீஸ் ஃப்ரேமில் பதிவாகியிருக்கும். அழித்தால் அதுவும் போயிடும்.

படி 3: புதுசு வாங்காமல் இடம் மாற்றிப் பாருங்க

பி0302 வருதுன்னு வச்சுக்கோங்க. ஒவ்வொரு பிளக்குக்கும் தனித்தனி காயில் இருக்கிற காரில், இரண்டாவது காயிலை மூணாவது சிலிண்டருக்கும், மூணாவது காயிலை இரண்டாவதுக்கும் மாற்றிப் போடச் சொல்லுங்க. கோடை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்க. இப்போ பி0303 வந்தால் காயில்தான் குற்றவாளி. பி0302வே மறுபடி வந்தால் காயில் நிரபராதி. அடுத்து பிளக்கை இதே மாதிரி மாற்றுங்க, அதற்கடுத்து இன்ஜெக்டர்.

இந்த வேலைக்கு லேபர் மட்டும்தான், பார்ட்ஸ் செலவு பூஜ்யம். ஒரு காயில் போனதற்கு நாலு காயிலையும் மாற்றச் சொன்னால், "எது போச்சுன்னு எப்படித் தெரிஞ்சுதுங்க?"ன்னு தைரியமாகக் கேளுங்க.

கழற்றிய பிளக்கையும் கையில் வாங்கிப் பாருங்க. நுனி கறுப்பாகக் கரி பிடித்திருந்தால் பெட்ரோல் அதிகம். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் இன்ஜின் ஆயில் உள்ளே வருது. வெளுத்துப்போய் இருந்தால் கலவையில் பெட்ரோல் குறைவு, அல்லது அளவுக்கு மீறிய சூடு. வெள்ளைப் பீங்கானில் கீறல் இருந்தால் அந்த பிளக்கே காரணம்.

படி 4: பிரஷரை அளக்கணும்

"பம்ப் வீக்"ன்னு சொன்னால் அதற்கு ஒரு எண் வேணும். பட்டறையில் பிரஷர் கேஜை எரிபொருள் லைனில் மாட்டி நாலு நிலையில் அளக்கலாம்: சாவி ஆன் பண்ணின உடனே, ஐட்லிங்கில், ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது, இன்ஜினை அணைத்த பிறகு சில நிமிஷம். மேனுவல் எண்ணோடு ஒப்பிட்டால் கதை தெரிஞ்சிடும்.

பிரஷர் குறைவுன்னு உறுதியான பிறகும் பம்ப்தான் போச்சுன்னு சொல்ல முடியாது. ஃபில்டர் அடைச்சிருக்கலாம். பம்புக்குக் கீழே இருக்கிற சல்லடையில் தூசி சேர்ந்திருக்கலாம். பிரஷர் ரெகுலேட்டர் பழுதாகி இருக்கலாம். பம்புக்குப் போகிற கரண்டே குறைவாக இருக்கலாம். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட் இருக்கு, பம்ப் கனெக்டரில் 11தான் வருதுன்னா, நடுவில் 3 வோல்ட் எங்கே போச்சு? துருப்பிடித்த எர்த், கருகின கனெக்டர், தேய்ந்த ரிலே. பம்ப் வேகத்தைத் தனி மாட்யூல் கட்டுப்படுத்துகிற சில கார்களைத் தவிர, இந்த வோல்ட்டேஜ் சோதனை பொதுவாக எல்லாக் காருக்கும் பொருந்தும். மல்டிமீட்டர் வைத்தால் ஐந்து நிமிஷ வேலை.

இதை முதலில் செய்யச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. இப்போ வர்ற பல கார்களில் பம்ப், ஃபில்டர், மிதவை எல்லாம் ஒரே அசெம்பிளியாக டேங்குக்குள் உட்கார்ந்திருக்கு. ஒண்ணு போனாலும் மொத்தமாக மாற்றச் சொல்லுவாங்க. முழு அசெம்பிளிக்குக் காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி வயர் சரியாக இருக்கான்னு பார்ப்பது நியாயம்தானே?

அப்படியே ஒரு பழக்கத்தையும் மாற்றிக்கோங்க. டேங்குக்குள் இருக்கிற பம்பைக் குளிர வைப்பது பெட்ரோல்தான். எப்போ பார்த்தாலும் ரிசர்வில் 200 ரூபாய்க்கு அடித்து ஓட்டினால், சேலம் சித்திரை வெயிலில் பம்ப் சூட்டிலேயே கிடக்கும், அடியில் தங்கின தூசியையும் உறிஞ்சும். கால் டேங்குக்குக் கீழே போக விடாதீங்க. மாசத்துக்கு ஆகிற பெட்ரோல் செலவு அதேதான், அடிக்கிற நாள் மட்டும்தான் மாறுது. சிஎன்ஜி கார் வச்சிருக்கறவங்களும் பெட்ரோல் டேங்கை மறந்துடாதீங்க.

படி 5: கம்ப்ரஷன்

தீப்பொறி சரி, பெட்ரோல் சரி, இன்னும் அதே சிலிண்டர் மிஸ் அடிக்குதுன்னா கடைசியாக கம்ப்ரஷன் டெஸ்ட். ஒரு சிலிண்டரில் மட்டும் எண் மற்றதைவிட நன்றாகக் குறைவாக இருந்தால், அதில் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளப்பாங்க. எண் ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கு. ஏறலைன்னா வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட் பக்கம்.

இங்கே வந்துட்டால் செலவு பெருசு. அப்போதான் "சரி பண்ணலாமா, விற்கலாமா" என்கிற கேள்வி. காரை இப்படியே விற்றால் எவ்வளவு, சரி பண்ணி விற்றால் எவ்வளவு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ரிப்பேர் செலவைவிட அதிகமா குறைவா, இன்னும் எத்தனை வருஷம் ஓட்டப்போறீங்க, இவற்றை எழுதிப் பார்த்துவிட்டு முடிவெடுங்க.

எல்லாத்துக்கும் எத்தனால்தான் காரணமா?

இப்போ எந்தக் கோளாறு வந்தாலும் "20 சதவீத எத்தனால் பெட்ரோல்தான் சார் காரணம்"னு ஒரு பேச்சு இருக்கு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கிற எரிசக்தி, பெட்ரோலைவிட ஏறத்தாழ மூணில் ஒரு பங்கு குறைவு. 20 சதவீதம் கலந்தால், சுத்த பெட்ரோலோடு ஒப்பிடும்போது எரிசக்தி 6, 7 சதவீதம் குறையும். ஏற்கெனவே 10 சதவீதம் கலந்த பெட்ரோலில் ஓடிய காருக்கு வித்தியாசம் அதில் பாதி. அப்போ மைலேஜ் 18லிருந்து 17 ஆனால் எத்தனாலைச் சொல்லலாம். 18லிருந்து 13 ஆனால் எத்தனால் மேல் பழியைப் போட்டுவிட்டு உட்காராதீங்க, வேற ஏதோ கோளாறு இருக்கு.

எத்தனாலுக்கு ஒரு குணம் உண்டு, தண்ணீரை இழுக்கும். தண்ணீர் அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்க் அடியில் தங்கும். பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். மாசக்கணக்கில் நிறுத்தி வைத்த காரில் இதைக் கவனிங்க. பங்க்கில் சந்தேகம் வந்தால் ஃபில்டர் பேப்பர் சோதனை, டென்சிட்டி சோதனை, 5 லிட்டர் அளவு சோதனை மூணையும் கேட்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. இலவசம்தான்.

பம்புக்குக் காசு கொடுக்கும் முன் ரீகால் பாருங்க

இதுவரை சொன்னதில் கொஞ்சமாவது செலவு உண்டு. இனி சொல்றது உங்க பில்லைப் பூஜ்யம் ஆக்கக்கூடியது.

2020 ஜூலையில் மாருதி சுசுகி 1,34,885 கார்களை ஃப்யூயல் பம்ப் பிரச்சினைக்காகத் தானாக முன்வந்து திரும்ப அழைத்தது. 2018 நவம்பர் 15 முதல் 2019 அக்டோபர் 15 வரை தயாரான 1 லிட்டர் வேகன்ஆர் 56,663. 2019 ஜனவரி 8 முதல் நவம்பர் 4 வரை தயாரான பெட்ரோல் பலேனோ 78,222. பின்னர் 2024 மார்ச்சில், 2019 ஜூலை 30 முதல் நவம்பர் 1 வரை தயாரான 11,851 பலேனோ, 4,190 வேகன்ஆர் கார்களை பம்ப் மோட்டாரின் ஒரு பாகத்துக்காக அழைத்தது. இன்ஜின் நின்றுபோகலாம், ஸ்டார்ட் ஆகாமல் போகலாம் என்பதுதான் சொன்ன காரணம்.

ஹோண்டா 2020 ஜூனில் 65,651 கார்களையும், 2024 அக்டோபரில் 90,468 பழைய கார்களையும் ஃப்யூயல் பம்புக்காக அழைத்தது. பம்புக்குள் பெட்ரோலைத் தள்ளுகிற இம்பெல்லர் என்கிற சின்னச் சக்கரத்தில் குறை. உலக அளவிலும் இதே கதை நடந்தது. 2020 ஜனவரியில் டொயோட்டா அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 7 லட்சம் கார்களை அழைத்தது. அங்கே கண்டுபிடித்தது, இம்பெல்லர் பெட்ரோலை உறிஞ்சி வடிவம் மாறி, பம்ப் உடலில் உரசி நின்றுபோகுது என்பது.

ரீகால் வந்த நிறுவனம் மோசம்னு அர்த்தம் இல்லை. குறையை ஒத்துக்கொண்டு இலவசமாக மாற்றித் தருவது நல்ல விஷயம். பிரச்சினை வேற இடத்தில். செகண்ட் ஹேண்டில் கார் வாங்கினவங்களுக்கு ரீகால் தகவல் போய்ச் சேராமல் போகலாம். கடிதமும் போனும் முதல் ஓனருக்கே போயிடலாம். 2019 மாடல் காரை இரண்டாவது கையில் வாங்கி, இலவசமாக மாறவேண்டிய பம்புக்குச் சொந்தக் காசு கொடுக்கிற நிலை வரலாம்.

செய்ய வேண்டியது சுலபம். ஆர்சியில் இருக்கிற சேசிஸ் நம்பரை எடுத்து, கம்பெனி இணையதளத்தில் ரீகால் பக்கத்தில் போடுங்க. அல்லது அந்த பிராண்டின் எந்த சர்வீஸ் சென்டரிலாவது கேளுங்க. இரண்டு நிமிஷம் ஆகும். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தின்படி சேர்ந்த 110ஏ பிரிவு, குறையுள்ள வாகனங்களைத் திரும்ப அழைக்க உத்தரவிடும் அதிகாரத்தை அரசுக்கே கொடுத்திருக்கு. 2021 ஏப்ரல் 1 முதல் அதற்கான விதிகள் அமலில் இருக்கு.

ஒரு உதாரணக் கணக்கு

கீழே இருப்பது உதாரண எண்கள். உங்க காருக்கு ஸ்பேர்ஸ் கடையில் விலை கேட்டு நிரப்பிக்கோங்க. உண்மையான கோளாறு பம்புக்குப் போகிற எர்த் வயரில் துரு என்று வைத்துக்கொள்வோம்.

யூக வழி: 4 பிளக் 1,600. 4 காயில் 9,000. இன்ஜெக்டர் கிளீனிங் 2,500. பம்ப் அசெம்பிளி 11,000. நாலு தடவை லேபர் 3,200. கூட்டினால் 27,300. ஜிஎஸ்டி 18 சதவீதம் 4,914. மொத்தம் 32,214 ரூபாய். இவ்வளவும் கொடுத்த பிறகும் எர்த் வயர் அப்படியேதான் இருக்கு.

ஆதார வழி: ஸ்கேன் 500. பிரஷர், வோல்ட்டேஜ் சோதனை 1,000. வயர் வேலை 600. கூட்டினால் 2,100. ஜிஎஸ்டி 378. மொத்தம் 2,478 ரூபாய்.

வித்தியாசம் 29,736. இந்த 32,214ஐ கிரெடிட் கார்டில் தேய்த்து, மாசம் 3.5 சதவீத வட்டியில் உருட்டினால், முதல் மாச வட்டி மட்டும் 1,127. வட்டி மேல் ஜிஎஸ்டி 203. ஆக 1,330 ரூபாய், அசலில் ஒரு பைசா குறையாமல். 40,000 சம்பளக்காரருக்கு இது சின்ன அடி இல்லை. மாசம் 1,500 ரூபாயைக் காருக்குன்னு தனி ஆர்டியில் போட்டு வையுங்க. வருஷம் 18,000 சேர்ந்தால் பெரும்பாலான ரிப்பேர்கள் கார்டு பக்கம் போகாமலே முடியும்.

பில் விஷயத்தில் ஒண்ணு. 2025 செப்டம்பர் 22 முதல் எல்லா வாகன உதிரிபாகங்களுக்கும் ஜிஎஸ்டி ஒரே மாதிரி 18 சதவீதம். பில்லில் 28 போட்டிருந்தால் கேளுங்க.

பட்டறையில் எப்படிப் பேசறது?

சண்டைக்குப் போக வேண்டாம். நம்ம பக்கத்து மெக்கானிக்குகள் கை வேலையில் கெட்டிக்காரங்க. லாரி பாடி கட்டுவதற்கு நாமக்கல்லும் திருச்செங்கோடும் எவ்வளவு பேர் வாங்கின ஊர்கள்னு உங்களுக்கே தெரியும். பிரச்சினை பல சமயம் நேரம்தான். நாம சாயங்காலத்துக்குள் வண்டி வேணும்னு நெருக்கினால், அவங்களும் சோதிக்காமல் மாற்றத்தான் பார்ப்பாங்க. மரியாதையாக இப்படிக் கேளுங்க:

"அண்ணா, மாத்தறதுக்கு முன்னாடி பிரஷர் எவ்வளவு காட்டுதுன்னு ஒரு தடவை அளந்து காட்டறீங்களா? செக் பண்றதுக்கு என்ன லேபரோ அதைத் தனியா தந்துடறேனுங்க."

அந்த இரண்டாவது வரிதான் முக்கியம். கண்டுபிடிக்கிற வேலைக்கு யாரும் காசு கொடுக்காததால்தான், பார்ட்ஸ் விற்று அதை ஈடுகட்ட வேண்டியிருக்கு. சோதனைக்குக் காசு கொடுத்தால் உண்மையைச் சொல்றதில் அவருக்கும் நஷ்டம் இல்லை. மாற்றிய பழைய பார்ட்டை வாங்கிக்கோங்க. பில்லில் என்ன அளவு பார்த்தாங்கன்னு எழுதச் சொல்லுங்க.

வாரண்டியில் இருக்கிற கார்னா வெளியில் கை வைக்க விடாதீங்க, முதலில் கம்பெனி சர்வீஸுக்குப் போங்க. சாதாரண இன்ஷூரன்ஸ் பாலிசி இயந்திரக் கோளாறையும் தேய்மானத்தையும் ஏற்காது. அதை நம்பி உட்கார வேண்டாம். வாரண்டியை நியாயமில்லாமல் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம், சேலத்திலும் இருக்கு, நாமக்கல்லிலும் இருக்கு. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. அங்கே போனாலும் கேட்கப்போவது ஆதாரம்தான்: ஸ்க்ரீன்ஷாட், பில், அளந்த எண்.

பழைய கார் வாங்கறவங்களுக்கு

மார்ச் 31க்கு முன்னாடி கணக்கை அழகாகக் காட்டறதுக்குச் சில கம்பெனிகள் பூச்சு வேலை செய்வாங்க. பழைய கார் விற்பனையிலும் அது உண்டு. கோடை அழித்துவிட்டு விளக்கு எரியாமல் காட்டுவாங்க. ஆனா கோடை அழித்தால், கார் தன்னைத்தானே சோதித்துக்கொள்கிற ரெடினஸ் மானிட்டர்களும் "முடியவில்லை" நிலைக்குப் போயிடும். திரும்ப முழுமையாகச் சில நாள் ஓட்டணும். ஸ்கேனரில் பல மானிட்டர்கள் முழுமையாகாமல் இருந்தால், சமீபத்தில் கோடு அழிந்திருக்கு அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்காங்க. காரணம் கேளுங்க. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது நீங்களே ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க. நீங்க போறதுக்கு முன்னாடியே வண்டியைச் சூடு பண்ணி வச்சிருந்தால் இன்னொரு நாள் வர்றேன்னு சொல்லிடுங்க.

இந்த ஞாயிற்றுக்கிழமை செய்ய வேண்டியது

ஒழுங்காகத் தொழில் பண்ற நாமக்கல் லாரி ஓனர்களிடம் ஒவ்வொரு லாரிக்கும் தனி நோட்டு இருக்கும். டீசல் எவ்வளவு, கிலோமீட்டர் எவ்வளவு, எந்தத் தேதியில் என்ன மாற்றினோம், எவ்வளவு கொடுத்தோம். மைலேஜ் இறங்க ஆரம்பித்தாலே நோட்டு காட்டிக்கொடுக்கும், வண்டி வழியில் நிற்கும் வரை காத்திருக்க மாட்டாங்க. ஒரு காரை மட்டும் வச்சிருக்கிற நமக்கு அது இன்னும் சுலபம்.

1. சேசிஸ் நம்பரை வைத்து ரீகால் பாருங்க.
2. மொபைலில் காருக்கு ஒரு நோட் திறங்க. டேங்க் நிரப்பும்போதெல்லாம் லிட்டரும் கிலோமீட்டரும் எழுதுங்க.
3. கடைசியாக பிளக், ஏர் ஃபில்டர் எப்போ மாற்றினீங்கன்னு பழைய பில்லைத் தேடி எழுதுங்க.
4. உங்க காரின் ஃப்யூயல் பிரஷர் எண்ணை சர்வீஸ் சென்டரில் கேட்டுக் குறிச்சு வையுங்க.
5. மாசம் 1,500க்கு ஆர்டி தொடங்குங்க.

அடுத்த தடவை யாராவது "போயிருக்கும்"னு சொன்னால், "எவ்வளவு காட்டுதுங்க?"ன்னு மட்டும் கேளுங்க. பதில் எண்ணாக வந்தால் பர்ஸைத் திறங்க.